குறித்த நாள்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சில ஆண்டுகள் இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாக இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். டட்லி சேனநாயக்க அரசாங்கம் கொண்டுவந்த சட்டப்படி 1966 ஜனவரியிலிருந்து வார விடுமுறை போயா நாட்களுக்கு மாறியது. அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அரைநிலா நாட்கள் ஆகிய நான்கும் விடுமுறை. ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள் அரைநாள் வேலை. நிலவு ஏழு நாள் கணக்குக்குள் அடங்குவதில்லை. அதனால் சில வாரங்களில் ஒரு நாள் கூடுதலாக வேலை செய்ய வேண்டிவந்தது.

அப்பா கண்டி திருகோணமலை வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதினார். பேரேட்டில் தேதிக்குப் பக்கத்தில் பிறைநாளையும் குறித்துவைக்கப் பழகிக்கொண்டார். திதி பார்த்து விரதம் பிடிக்கும் எங்கள் வீட்டுக்கு அது சிரமமாகத் தெரியவில்லை. பௌர்ணமியும் அமாவாசையும் ஏற்கெனவே எங்களுடைய நாட்கள். அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அக்காதான் பாவம். ஞாயிறு விடியுமுன் எழும்பி, புனித அந்தோனியார் பேராலயத்தில் பூசை கண்டுவிட்டு, அங்கிருந்தே வேலைக்கு ஓடுவார். ஆனால் அதற்கு முந்திய வெள்ளைக்காரர் காலத்து ஞாயிறு விடுமுறையும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. வெசாக் நாளுக்கு விடுமுறை கிடைத்ததே 1885 இல்தான். அதுவரை அன்றைக்குச் சில் எடுத்து விரதமிருக்க விரும்பிய பௌத்தர் யாரோ ஒரு துரையிடம் விடுப்புக் கேட்டுத்தான் நின்றிருப்பார்.

1971 இல் சிறிமாவோ அரசாங்கம் சனி ஞாயிறைத் திருப்பிக் கொடுத்தது. பௌர்ணமிப் போயாவை மட்டும் பொது விடுமுறையாக வைத்துக்கொண்டது. இன்றுவரை அந்த ஏற்பாடு நிற்கிறது. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு இந்தப் போயா வாரம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஒரு நாளைப் புனிதமாக்குவது யார்? அதில் சட்டம் இயற்றும் சபைக்கு என்ன வேலை? 2008 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள்தான் என்று சட்டம் போட்டது. 2011 இல் ஆட்சி மாறியதும் அதே சபை அதை நீக்கிவிட்டது. இரண்டு பக்கமும் அறிஞர்கள் இருந்தார்கள், ஆதாரங்கள் இருந்தன. கண்டியில் நாங்கள் அந்த ஆண்டுகளிலும் சித்திரைப் பிறப்புக்குத்தான் மருத்துநீர் வைத்தோம். வருடம் பிறக்கும் நேரத்தை வாக்கிய பஞ்சாங்கம் ஒரு விதமாகச் சொல்லும், திருக்கணிதம் வேறு விதமாகச் சொல்லும். எதைப் பின்பற்றுவது என்று வீட்டுக்கு வீடு முடிவு செய்துகொள்வார்கள். சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

மின்வெட்டுக் காலத்தில், 1996 இல், அரசாங்கம் கடிகாரத்தையே மாற்றியது. முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, சில மாதங்களில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் ராகுகாலம் பார்ப்பவர்கள் ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டுக்கொண்டே வாழ்ந்தார்கள். கடிகார முள்ளைச் சட்டம் நகர்த்தலாம். ஒரு நாளுக்கு விடுமுறை கொடுக்கலாம், பறிக்கலாம். அந்த நாளில் விளக்கேற்றுகிறவன் மனதில் அதற்கு இருக்கும் கனத்தைக் கூட்டவோ குறைக்கவோ எந்தச் சபையாலும் முடிவதில்லை.

அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எங்கள் ஊர் எசல பெரஹரா ஊர்வலத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது.

கண்டி வீதிகளில் யானைகள் வலம்வருவதைத்தான் உலகம் படமெடுக்கிறது. தொடக்கம் அதற்கு முன்பே, சத்தமில்லாமல் நடந்துவிடும். சுபநேரம் பார்த்து வெட்டிய மரத்துண்டை நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்ற நான்கு தேவாலயங்களிலும் நடுவார்கள். ‘கப்’ நடுவது என்று பெயர். நட்ட பிறகு ஐந்து நாள் தேவாலயங்களுக்குள் வலம். அடுத்த ஐந்து இரவு கும்பல் பெரஹரா. அதற்கடுத்த ஐந்து இரவு ரந்தோலி. கடைசியில் கெட்டம்பேயில் மகாவலி கங்கையில் நீர்வெட்டு. நம் கோயில்களில் கொடியேறிய பிறகு திருவிழா நிற்கக் கூடாது என்பார்களே, அதே கட்டுப்பாடு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டியவர் அது அவிழும்வரை ஊர் எல்லை தாண்டமாட்டார். மனிதர் தாமே ஒரு நாளைக் குறித்து, அந்த நாளுக்குத் தம்மைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அந்த நாளின் கனம் முழுவதும் இந்தக் கட்டுப்படுதலில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

2020 இல் கொரோனா. வீதியோரம் ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் பெரஹரா போனது. யாரும் பார்க்காவிட்டாலும் போயே ஆக வேண்டும் என்று போனது. தொலைக்காட்சியில் அந்த வெறும் வீதியைப் பார்த்தபோது, இத்தனை வருடம் கூட்டத்துக்குள் நின்று பார்த்ததைவிட அதன் பொருள் எனக்குத் தெளிவாக விளங்கியது. காணிக்கை தெய்வத்துக்கு, குறித்த நாளில் கொடுத்தாயிற்று.

பெரஹராவில் எங்களுக்கு, அதாவது கண்டித் தமிழருக்கு, என்ன இடம் என்று சிலர் கேட்பார்கள். பழைய பெரஹரா நான்கு தெய்வங்களுக்கு எடுத்தது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1775 அளவில், புத்தரின் புனித தந்தம் முன்னால் போக வேண்டும் என்று கட்டளை வந்தது. இந்த அரசன் நாயக்கர் வம்சம், தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம். சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து 1753 இல் இங்கே பிக்குகளின் முழுத் துறவேற்பான உபசம்பதாவை மீட்டவனும் இவனே. தந்தத்தை முன்னால் வைத்தானே தவிர, தெய்வங்களை ஊர்வலத்திலிருந்து எடுத்துவிடவில்லை. அதனால் இன்றும் தந்தப் பேழையைச் சுமந்த யானைக்குப் பின்னால் நாதரும் விஷ்ணுவும் வந்தபின் நம்முடைய கதிர்காமக் கந்தன் காவடியாட்டத்தோடு வருகிறான். அவனுக்குப் பின்னே பத்தினி. மதுரையில் அரசனிடம் போய் நியாயம் கேட்ட கண்ணகிதான் அவள். பதவியோ படையோ இல்லாமல் போனவள். சபை அவள் பேச்சுக்குக் காதுகொடுத்தது, தீர்ப்புப் பிழைத்ததை உணர்ந்த அரசன் அந்த இடத்திலேயே உயிர்விட்டான். தந்தம் இருக்கும் தலதா மாளிகைக்கு அருகே, புனித பவுல் தேவாலயத்துக்கும் வழக்கறிஞர்களின் பழைய அலுவலகங்களுக்கும் பக்கத்திலேயே அவளுடைய தேவாலயம் இருப்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகப் படும்.

அப்பா ஒவ்வொரு வருடமும் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நடைபாதையில் இடம் பிடிப்பார். கதிர்காம தேவாலயத்தின் யானை வரும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுவார். அந்த வருடங்களில் அப்பாவுக்கு இந்த நாட்டில் வாக்கு இல்லை.

1947 பொதுத் தேர்தலில் இளைஞராக அவர் வாக்களித்திருந்தார். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடம் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த வருடம், குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கில்லை என்று தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். இந்திய வம்சாவளி மலையக மக்கள் பல இலட்சம் பேர் ஒரே மூச்சில் பட்டியலிலிருந்து போனார்கள். 1952, 1956, 1960 இல் இரண்டு முறை, 1965, 1970 என்று ஆறு பொதுத் தேர்தல்கள் அப்பாவைக் கடந்து போயின. ஒரு காரியாலயத்தில் கேட்ட பத்திரம் இன்னொரு காரியாலயத்தில் இல்லை என்பார்கள். 1964 இல் குடியுரிமை குறித்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர மேலும் பத்து வருடத்துக்கு மேலானது.

மன்னராட்சி காலத்தில் ஒரு நாயக்கன் தந்த கட்டளையால் கந்தனுக்கு ஊர்வலத்தில் இடம் நிலைத்துவிட்டது. மக்களாட்சியில் மக்கள் பிரதிநிதிகள் முறைப்படி வாக்கெடுத்து அந்தக் கந்தனைக் கும்பிடுகிற ஆளின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். இதை வகுப்பில் படிப்பிக்கும்போது ஒரு மாணவி, ‘அப்படியென்றால் ராஜாதானே நல்லவர், டீச்சர்?’ என்று கேட்டாள். இல்லை என்றுதான் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். அரசனுடைய பெருந்தன்மை அவன் மனம் மாறினால் போய்விடும்; அவனிடம் திரும்பிவந்து கணக்குக் கேட்க ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கவில்லை. மக்களாட்சியில் அப்படி ஒரு நாள் உண்டு. அந்த நாள் வரும் என்று தெரிந்ததால்தான் அப்பா பத்திரங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கிவைத்துக் காத்திருந்தார்.

1977 ஜூலை 21 அன்று அவர் வாக்களித்தார். காலையில் குளித்து, திருநீறு பூசி, கட்டுக்கலை செல்வ விநாயகரைக் கும்பிட்டுவிட்டு வாக்குச் சாவடிக்குப் போனார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, ‘இனி ஆறு வருஷத்துக்கு ஒரு தடவ. நாள மாத்த மாட்டாங்கதானே?’ என்றார்.

மாற்றினார்கள். 1983 இல் வரவேண்டிய பொதுத் தேர்தலுக்குப் பதிலாக 1982 டிசம்பர் 22 அன்று ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. இருக்கிற நாடாளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கட்டுமா என்பது கேள்வி. ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். விளக்கு வைக்காமல் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூடக் கழிக்காத மனிதர், விளக்கை விட்டுக் குடத்துக்குப் புள்ளடி போட வேண்டிவந்தது. நூற்றுக்கு 54 பேருக்கு மேல் விளக்குக்குப் போட்டதாக முடிவு வந்தது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில். அதைப் பார்க்க அப்பா இருக்கவில்லை, 1986 இல் காலமானார்.

அந்த வாக்கெடுப்பு அரசியலமைப்பில் உள்ள வழிப்படிதான் நடந்தது: மூன்றில் இரண்டு பெரும்பான்மை, பிறகு மக்கள் தீர்ப்பு. சட்டம் தெரிந்தவர்கள் அதைச் சொல்லும்போது என்னால் மறுக்க முடிவதில்லை. என் மனம் கேட்பது வேறு. வருகிற ஆடியில் பெரஹரா வேண்டாம், ஆறு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்வோம் என்று மகாநாயக்க தேரர்களும் தேவாலய நிர்வாகிகளான நிலமேமாரும் கூடி முடிவெடுத்தால், அந்த முடிவு எவ்வளவு முறைப்படி எடுக்கப்பட்டாலும் ஊர் ஏற்குமா? பக்தி குறைந்துவிட்டது, நம்பிக்கையை முறித்துவிட்டார்கள் என்று கண்டி முழுவதும் வீதிக்கு வந்துவிடும். தேர்தலும் அப்படிப்பட்ட ஒரு பருவக் கடமை. ஆள்கிறவர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை தம் அதிகாரத்தை இறக்கிவைத்து, வாக்கில்லாமல் பல வருடம் கழித்த ஒரு கணக்குப்பிள்ளை முன்னால் வெறுங்கையோடு வந்து நிற்பதாகச் செய்துகொண்ட நேர்த்தி அது. அதில் புனிதம் என்று ஏதாவது இருந்தால், நாள் தவறாமல் வந்து நிற்பதில்தான் இருக்கிறது. 2020 இல் பொதுத் தேர்தலை ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளினார்கள். நோய் பரவிய நேரம், நான் குறை சொல்லமாட்டேன். துடக்கு வந்தால் திருவிழாவும் தள்ளிப்போவதுண்டு. துடக்குக் கழிந்ததும் செய்கிறோமா என்பதில்தான் நேர்மை தெரியும்.

பழைய வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்க நான் சொல்லவில்லை. பெரஹராவின் மேளமும் தீப்பந்தமும் பல தலைமுறையாக, காணியை அனுபவிப்பதற்கு ஈடாக ஊழியம் செய்யக் கட்டுப்பட்ட குடும்பங்களின் முதுகில் நின்றவை. அந்த ஊழியத்துக்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்று 1870 இல் வந்த சட்டம் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. சட்டம் வழக்கத்தைத் திருத்தியே ஆக வேண்டிய இடங்கள் உண்டு.

இதைவிடக் கடினமான வழக்கு ஒன்று இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், கம்பளையில் எழுந்தது. வல்லஹகொட தேவாலயப் பெரஹரா அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது இசையை நிறுத்த வேண்டும் என்று 1912 இல் அதிகாரிகள் நிபந்தனை வைத்தார்கள். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார். அவர் கையில் இருந்த ஆதாரம் 1815 மார்ச் 2 அன்று எங்கள் ஊர் அரசவை மண்டபமான மகுல் மடுவவில் கையெழுத்தான கண்டி உடன்படிக்கை. பௌத்த சமயமும் அதன் சடங்குகளும் காக்கப்படும் என்று அதன் ஐந்தாம் பிரிவில் ஆங்கிலேயர் உறுதி கொடுத்திருந்தார்கள். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 ஜூனில் தேவாலயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்: கொடுத்த உறுதி கொடுத்ததுதான். 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதைப் புரட்டியது: உடன்படிக்கையையும் பிற்காலச் சட்டம் மாற்றலாம். அந்த வருடம் மே மாத வெசாக் இரவில் கண்டியில் ஒரு பள்ளிவாசல் வாசலில் தொடங்கிய கைகலப்பு, முஸ்லிம்களுக்கு எதிரான கலவரமாக நாடெங்கும் பரவியது. பிறகு இராணுவச் சட்டம், துப்பாக்கி, சிறை. அந்த அடக்குமுறையைச் சட்டநிரூபண சபையில் எதிர்த்துப் பேசிய பொன்னம்பலம் இராமநாதன், படித்த இலங்கையரின் குறுகிய வாக்காளர் பட்டியலால் 1911 இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மற்றபடி அந்தச் சபையில் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் மிகச் சிலரே.

முன்னவர் கொடுத்த உறுதி பின்னவரைக் கட்டுமா? இந்த வழக்கை எத்தனை முறை படித்தாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நேர்த்தி, வைத்தவனைக் கட்டும். அடுத்த வீட்டுக்காரனைக் கட்டாது. உங்கள் சடங்கைக் காப்போம் என்று ஆங்கிலேயர் சொன்ன சொல்லுக்கு ஆங்கிலேயர் கட்டுப்பட்டிருக்க வேண்டும். தங்கள் சபையைக் கொண்டே அதைத் தளர்த்தியது நாணயமற்ற செயல். அதே வேளை, பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரல்ல. பெரஹரா தன் நாளில் புறப்படுவதும் நீர்வெட்டில் முடிவதும்தான் நேர்த்தி. தொழுகை வேளையில் பத்து எட்டு மேளத்தைத் தாழ்த்தினால் தெய்வம் எதையும் இழந்திருக்காது. அதை நீதிமன்றப் படியேறாமல், அந்த வீதியில் வாழ்ந்தவர்களே பேசி முடித்திருக்க வேண்டும். 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்களில், ஊரடங்கில் உட்கார்ந்து இந்தப் பழைய தீர்ப்புகளை மறுபடி எடுத்துப் படித்தேன்.

இந்த அளவுகோலைத் தேர்தல் நாளுக்கு வைத்துப் பார்த்தால் எந்தக் குழப்பமும் இல்லை. அந்த நேர்த்தியை வைத்தவர்கள் சட்டம் இயற்றுகிறவர்கள். அதனால் கட்டுப்பட வேண்டியவர்களும் அவர்களே. 2023 மார்ச் 9 அன்று உள்ளூராட்சித் தேர்தல் என்று நாள் குறித்துவிட்டுப் பணமில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6 அன்றுதான் வாக்களித்தோம். மாகாண சபையின் நிலை இதைவிட மோசம். எங்கள் மத்திய மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2013 செப்டம்பரில். 2017 இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வகுத்த அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. பழைய முறை போயிற்று, புதியது வரவில்லை. அந்த வருடமே சபையின் காலமும் முடிந்தது. அதுமுதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லாமல் ஆளுநர் ஒருவரே மாகாணத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

இந்தச் சபைகள் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான விவாதம். தேவையில்லை என்றால் எழுந்து நின்று சொல்லி, அரசியலமைப்பைத் திருத்தி, அதற்குரிய பழியையும் ஏற்கட்டும். சட்டத்தில் சபையை வைத்துக்கொண்டு அதற்கு நாள் மட்டும் குறிக்காமல் விடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கொடிமரத்தை நட்டுவைத்துவிட்டு வருடக்கணக்கில் கொடியேற்றாத கோயில் நிர்வாகத்தை எந்த ஊர் விட்டுவைக்கும்?

இந்த நாட்டில் அமைச்சரவை மாறினால் புதியவர்கள் முதலில் வருவது கண்டிக்குத்தான். வெள்ளை உடுத்து, தாமரைத் தட்டேந்தி மாளிகைக்குப் போய், மல்வத்தையிலும் அஸ்கிரியவிலும் மகாநாயக்கர்களைக் கண்டு ஆசி பெறுவார்கள். அந்தப் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை, மனதார மதிக்கிறேன். அதனால்தான் அவர்களிடம் கேட்க உரிமை இருப்பதாக எண்ணுகிறேன். என் தங்கையின் மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. கண்டியில் முப்பதைத் தொடாத எவரையும்போல அவளும் ஒருமுறைகூட மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை. பெரஹராவுக்குக் ‘கப்’ நடும் நேரம் நிமிடக் கணக்கில் பத்திரிகையில் வருகிறது. மத்திய மாகாண சபைத் தேர்தலுக்கு எந்த நாள் குறித்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்கிறாள். அடுத்த முறை மாளிகைப் படியிறங்கும்போது அவளுக்குத் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.